செய்தவரும் செய்வித்தவரும்

செய்தல் வேறு, செய்வித்தல் வேறு என்பது தமிழ் இலக்கணம் நமக்குத் தரும் தெளிவு. தச்சர் கதவைச் செய்தார். வீட்டுக்காரர் கதவைச் செய்வித்தார். இடையே வந்து சேரும் ஒரு சிறு விகுதி இருவரையும் அவரவர் இடத்தில் நிறுத்திவிடுகிறது. ஆனால் கலையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இந்த வேறுபாட்டை எளிதில் மறந்துவிடுகிறோம். நகரங்களின் சிறு கலைக்கூடங்களில் இன்று நடைபெற்றுவரும் சுடுமண், பீங்கான் சிற்பக் காட்சிகளை மதிப்பிட முற்படும் நாம் இவ்வேறுபாட்டையே அளவுகோலாகக் கொள்ள விரும்புகிறோம்.

இந்த அளவுகோல் நமக்குக் கிடைத்தது கழுகுமலைப் பாறையில். கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில், கரிசல் நிலத்தின் நடுவே எழுந்து நிற்கும் அம்மலையில் பாண்டியர் காலச் சிற்பச் செல்வம் இரண்டு உண்டு. ஒன்று, ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முற்றுப்பெறாமல் விடப்பட்ட வெட்டுவான் கோயில். மற்றொன்று, பாறைச் சரிவில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணத் திருமேனிகள். அத்திருமேனிகளின் கீழே வட்டெழுத்தில் ஏறத்தாழ நூறு சிறு கல்வெட்டுகள் காணப்படுகின்றன. இன்னார் செய்வித்தது என்பதே அவை பெரும்பாலும் கூறும் செய்தி. பொருள் கொடுத்தவரின் பெயரும் ஊரும், அவருடைய ஆசிரியரின் பெயரும் ஆயிரத்து இருநூறு ஆண்டு வெயிலுக்கும் மழைக்கும் தப்பி நிற்கின்றன. உளி பிடித்தவரின் பெயரையோ தேடித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

கல்லிலே இப்படி என்றால் மண்ணிலே எப்படி? கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருப்பதை நாம் அறிவோம். அவை பானைக்கு உரியவரின் பெயர்கள் என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. பானையை வைத்திருந்தவருக்குப் பெயர் இருக்கிறது. பானையை வனைந்தவர் அந்த ஓட்டின் வளைவில் மட்டுமே இருக்கிறார்.

இனி இன்றைய காட்சிகளுக்கு வருவோம். தமிழ்நாட்டை ஒட்டிய பகுதியில் இக்கலையின் புதிய வரலாறு 1971இல் தொடங்குகிறது எனலாம். அவ்வாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ்’ மட்பாண்டக் கூடத்தை நிறுவினர். நம் ஊர்ச் சூளைகளில் வெப்பம் ஆயிரம் பாகை செல்சியசை எட்டுவதில்லை. அவர்கள் 1,250 பாகைக்கு மேல் சுட்டெடுக்கும் கற்பீங்கான் முறையைக் கொண்டுவந்தனர். உள்ளூர் இளைஞர்களுக்கும் வெளியூர்களிலிருந்து வந்த மாணவர்களுக்கும் பயிற்சி அளித்தனர். இந்தியாவின் இன்றைய பீங்கான் சிற்பிகளுள் குறிப்பிடத்தக்க பலர் அக்கூடத்தில் பயின்றவர்களே. மண்ணால் கட்டிய வீட்டையே சூளையாக்கி, உள்ளே செங்கல்லையும் பாண்டங்களையும் அடுக்கித் தீயிட்டு, வீடு முழுவதையும் சுட்டெடுக்கும் முயற்சியிலும் மீக்கர் 1980களில் ஈடுபட்டார். ஈரான் நாட்டுக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலி தம் தாயகத்தில் முன்னரே செய்துபார்த்த முயற்சி அது.

அங்கே பயின்றவர்கள் பெற்ற பெரும்பயன் ஒன்று உண்டு. மண்ணைச் சலிப்பதும், மிதிப்பதும், வனைவதும், மெருகுப்பூச்சைக் கலப்பதும், சூளையின் முன்னே இரவு முழுவதும் விழித்திருப்பதும் ஒருவரே ஏற்கவேண்டிய பொறுப்புகள் என்னும் எண்ணமே அது. வெண்கலச் சிற்பி வார்ப்பை வேறொருவரிடம் விடலாம். மண்ணில் வேலை செய்பவரோ தீயைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்க முடியாது. கனமான உருவத்தை உள்ளீடற்றதாகச் செய்யாவிட்டால், உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி அதனை வெடிக்கச் செய்யும். ஒருபுறம் விரைந்தும் மறுபுறம் மெதுவாகவும் உலர்ந்தால் விரிசல் காணும். மழையில் ஊதிப் பெருகிக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் மண்ணை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அம்மண்ணைத் தனியே நம்பிச் சக்கரத்தில் வைக்கும் குயவர் எவரும் இரார். குளத்து வண்டலையும் மணலையும் கூட்டிப் பதம் பார்ப்பார். அந்தப் பதம் ஏட்டில் இல்லை. அவர் விரல் நுனியில் இருக்கிறது.

இத்தகைய கலைஞர்களின் பணி பெரிய அளவில் ஒருங்கே காட்டப்பட்டது 2018இல். ஜெய்ப்பூரில் சார்லஸ் கொரியா வடிவமைத்த ஜவகர் கலா கேந்திரத்தில், அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியிலிருந்து நவம்பர் வரை முதலாவது இந்தியப் பீங்கான் முவ்வாண்டுக் காட்சி நடைபெற்றது. இந்தியக் கலைஞர் முப்பத்தைவரும் பிறநாட்டுக் கலைஞர் பன்னிருவரும் அதில் பங்கேற்றனர். இரண்டாவது காட்சி 2024இல் டெல்லியில் நடந்தது. முதற்காட்சியை அமைத்த அறுவருள் ரியாஸ் பத்ருத்தீனும் ஒருவர். பானையையும் கிண்ணத்தையுமே கருப்பொருளாகக் கொண்டு, ஓவியத்துக்கும் பாண்டத்துக்கும் இடைப்பட்ட வடிவங்களைப் படைப்பவர் அவர். அமைத்தோர் அனைவரும் கலைஞர்களே. மண்ணைத் தொட்டறியாதவர் எவரும் மண்ணுக்குத் தீர்ப்பு வழங்கவில்லை. இதனை அக்காட்சியின் தலையாய சிறப்பாக நாம் கருதுகிறோம்.

சிற்பம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் சிறு தயக்கம் எழுவது இயல்பே. ஆனால் இக்காட்சிகளில் உருவச் சிற்பம் ஒரு பகுதி மட்டுமே. குடமும் குழலும் செங்கல்லும் சுவருமாக விரியும் வடிவங்களே பல. அன்றியும், மண்ணைச் சுட்டுக் கலையாக்குவது முஸ்லிம் உலகுக்குப் புதியதா என்ன? பத்தாம் நூற்றாண்டில் நிஷாப்பூர்க் கைவினைஞர்கள் வெண்பூச்சிட்ட கிண்ணங்களின் விளிம்பிலே கூஃபி எழுத்தில் முதுமொழிகளைத் தீட்டினர். ஈரானின் காஷான் நகரத்து ஓடுகள் பெற்ற புகழினாலேயே மெருகோட்டுக்குக் ‘காஷி’ என்ற பெயர் வழங்கலாயிற்று.

அந்நகரத்துப் பாண்டங்களில் நம் கருத்தைக் கவர்வது இன்னொன்று. கி.பி. 1186 முதல் 1219 வரையான ஆண்டுகளைக் குறித்து, அபூ ஸைத் என்னும் கலைஞர் தம் பெயரைத் தாம் செய்த பாண்டங்களிலும் ஓடுகளிலும் தாமே எழுதினார். அபூ தாஹிர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வேலையில் பெயர் பொறித்தனர். அக்குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம் 1301இல் மண்ணின் வகைகளையும் மெருகின் கலவையையும் சூளையின் அமைப்பையும் விளக்கி நூலே எழுதிவைத்தார். செய்தவர் தம் பெயரைத் தாமே சொன்ன அரிய இடங்களுள் காஷானும் ஒன்று.

இனி மேற்குலகம் வியந்து பாராட்டிய இரு படைப்புகளைப் பார்ப்போம். ஆங்கிலேயச் சிற்பி ஆண்டனி கோர்ம்லி, ‘பிரித்தானியத் தீவுகளுக்கான வயல்’ என்ற தலைப்பில் ஏறத்தாழ 40,000 சிறு களிமண் உருவங்களைத் தரை முழுவதும் நிறுத்தினார். ஒவ்வொன்றுக்கும் குச்சியால் குத்திய இரு கண்கள். அத்தனை கண்களும் வாயிலில் நிற்பவரையே நோக்கும். செயிண்ட் ஹெலன்ஸ் நகரத்துக் குடும்பங்கள் தங்கள் கையால் பிடித்துச் செய்த உருவங்கள் அவை. 1994இல் டர்னர் பரிசு பெற்றவர் கோர்ம்லி. சீனக் கலைஞர் ஐ வெய்வெய், 2010இல் லண்டன் டேட் மாடர்ன் கூடத்தில் பத்துக் கோடிப் பீங்கான் சூரியகாந்தி விதைகளைக் கொட்டிப் பரப்பினார். பீங்கானுக்குப் பெயர்போன ஜிங்டெஜென் நகரத்தில் 1,600க்கும் மேற்பட்ட கைவினைஞர்கள் அவற்றைச் செய்து, ஒவ்வொரு விதைக்கும் தூரிகையால் கோடிட்டனர்.

இவ்விருவரையும் பழிப்பது நம் நோக்கமன்று. எண்ணத்தைத் தந்தவர்கள் அவர்களே. பிறர் கைகளால் ஆனது என்பதை இருவரும் மறைத்ததுமில்லை. ஐ வெய்வெய் அக்கைவினைஞர்களின் வேலையைப் படமெடுத்துக் காட்சியிலேயே ஓடவிட்டார். இவ்வகையில் அவருடைய படைப்பை ஒருபடி உயர்வாகவே மதிக்கிறோம். ஆயிரக்கணக்கான கைகள் என்பதே அதன் பொருளாக இருப்பதால், அக்கைகளைக் காட்டியது படைப்போடு பொருந்தியது. ஆயினும் உலகம் நினைவில் வைத்திருப்பது ஒரே பெயரை. ஆயிரத்து அறுநூறு பேரும் ஒரு தொகையாகிவிட்டனர். கழுகுமலைப் பாறையின் வழக்கம் லண்டனிலும் தொடர்கிறது என்பதன்றி வேறென்ன சொல்வது?

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். நம் நாட்டுக் குயவர் ஒருபோதும் பெயர் எழுதியதில்லையே, அவர் கேளாத ஒன்றை நாம் ஏன் கேட்கவேண்டும் என்பர் சிலர். தமிழ்நாட்டின் மிகப் பெரிய சுடுமண் சிற்பங்களான அய்யனார் குதிரைகளை இதற்குச் சான்று காட்டுவர். அவை ஒரு மக்களின் வழிபாட்டுக்குரியவை. அந்நம்பிக்கை நம்முடையதன்று எனினும், அவற்றின் கலைத்திறத்தையும் அவற்றுக்குப் பின்னுள்ள ஒழுங்கையும் மதிக்கிறோம். புரவியெடுப்புக்கு முன்னர் ஊரார் கூடி வேளாரிடம் பிடிமண் கொடுப்பர். அந்த ஒரு பிடி மண்ணே ஒப்பந்தம். குழல் குழலாகக் கால்களை வனைந்து நிறுத்தி, அவற்றின்மேல் உடலை ஏற்றி அவர் குதிரையை முடிப்பார். ஊரார் அதனைச் சுமந்து செல்வர். குதிரை வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணோடு மண்ணாகும். பின்னொரு விழாவில் புதியது வரும்.

அக்குதிரையில் பெயர் இல்லைதான். ஆனால் செய்தவர் யார் என்பதை அறியாதவர் அந்த ஊரில் உண்டா? அவர் கையில்தானே பிடிமண் கொடுத்தார்கள்! அறிமுகம் நிறைந்த இடத்தில் பெயர்ச்சீட்டு தேவைப்படவில்லை. அதே குதிரை ஊரை விட்டு நீங்கி, விடுதி முற்றத்திலோ செல்வர் தோட்டத்திலோ கலைக்கூடத்திலோ நிற்கும்போது நிலைமை தலைகீழாகிறது. பார்ப்பவர் அனைவரும் அந்நியர். அங்கே ‘தமிழ்நாட்டுச் சுடுமண் குதிரை’ என்று மட்டும் எழுதிவைப்பது, ஊர் கொடுத்திருந்த பெயரைப் பறித்துக்கொள்வதாகும். பக்கத்துப் பீடத்திலுள்ள பீங்கான் வடிவத்தின் கீழே கலைஞரின் பெயரும் பிறந்த ஆண்டும் பயின்ற கல்லூரியும் அச்சாகியிருக்கும். ஒரே களிமண், ஒரே தீ. ஒருவர் கலைஞர், மற்றவர் வட்டாரம்.

அண்மைக் காலத்தில் நேர்ந்த இரு நிகழ்ச்சிகள் இதனைத் தெளிவாக்கும். மானாமதுரை மட்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே, கடத்துக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் பெயரை இனிப் பிறர் எடுத்தாள இயலாது. ஆயினும் அது ஊரின் பெயருக்குக் கிடைத்த காப்பு. வனைந்தவரின் பெயர் அதற்குள் அடங்காது. இதற்கு மாறாக, புதுச்சேரி வில்லியனூர்ச் சுடுமண் சிற்பி வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டபோது, வனைந்தவரே பெயரோடும் முகத்தோடும் நாட்டின் முன் நின்றார். நாம் வேண்டுவது இதுவே. விருது எல்லோருக்கும் கிட்டாது; பெயர்ச்சீட்டு எல்லோருக்கும் கிட்டலாம்.

பெயருக்காக இத்தனை வாதமா என்று எண்ணவேண்டாம். பெயரில்லாத வேலைக்கு விலையும் குறைவு என்பது சந்தையில் எவரும் காணக்கூடிய உண்மை. குயவரின் மகன் வேறு தொழிலுக்குப் போகிறான் என்றால், கூலி மட்டும் காரணமன்று. தந்தையின் வேலை எவர் வீட்டில் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதையும் அவன் பார்க்கிறான். நம் பக்கத்து எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவர், தம்மைப் புரந்த அபுல் காசிம் மரைக்காயரைச் சீறாப்புராணத்தில் நன்றியோடு பல இடங்களில் போற்றினார். அங்கே காப்பியம் செய்தவரின் பெயரும் செய்வித்தவரின் பெயரும் ஒருங்கே வாழ்கின்றன. ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. சொல்லுக்கு இயன்ற இந்நீதி மண்ணுக்கு மட்டும் ஏன் இயலாது?

ஆகவே கலைக்கூடம் நடத்துவோருக்கு நம் வேண்டுகோள் எளியது. மண் எவ்வூர்க் குளத்தது, வனைந்தவர் யார், சூளை வைத்தவர் யார், எண்ணம் யாருடையது என நான்கு வரி எழுதுங்கள். நான்குக்கும் ஒருவரே விடையென்றால் அது அவருக்குப் பெருமை. பலர் என்றால் பலருக்கும் பங்கு. நீண்ட விளக்கத்தாள்களை அச்சிடும் கூடங்களுக்கு இந்நான்கு வரி சுமையாகாது. அத்தாள் இல்லாமல் நிற்க முடியாத படைப்புகள் சிலவற்றுக்கு அதனால் வலிமையும் கூடும்.

நம் குடும்பத்தினரும் பிள்ளைகளோடு இக்காட்சிகளுக்குச் செல்லவேண்டும் என்பது நம் விருப்பம். நுழைவுக் கட்டணமின்றித் திறந்திருக்கும் சிறு கூடங்கள் பல. அங்கே விலையை விசாரிக்குமுன், இதனைச் செய்தவர் யார் என்று கேளுங்கள். விடையாகச் செய்வித்தவரின் பெயர் வந்தால், பணிவோடு அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.