முதல் வாரக் கடிதமும் ஹுவாரெஸின் குறிப்புகளும்

கடிதமும் ஓர் இலக்கிய வகையே என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆயினும் கடித இலக்கியம் என்றவுடன் நம் விமர்சகர்கள் பெரியோர் எழுதிய கடிதங்களையே எடுத்து ஆராய்கின்றனர். ஒரு நிறுவனத்தின் கூரையின் கீழ் வாழும் சாதாரண இளைஞன் தன் வீட்டாருக்கு எழுதும் கடிதத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஒரு சமுதாயம் தன் இளந்தலைமுறையை எவ்வாறு உருவாக்குகின்றது என்பதை அறிய விரும்புவோர்க்கு அத்தகைய கடிதங்கள் மிகச் சிறந்த சான்றுகளாகும். இக்கட்டுரை அவற்றுள் ஒரு வகையை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றது. மோர்மன் சபை எனப் பொதுவாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் சபையைச் சேர்ந்த அமெரிக்க இளைஞர், மெக்ஸிக்கோ நகரிலுள்ள மிஷனரிப் பயிற்சி நிலையத்தில் தம் முதல் வாரத்தைக் கழித்தபின் வீட்டுக்கு எழுதும் கடிதமே அது.

இச்சபையில் மிஷனரிப் பணி இளைஞரின் கடமையாகக் கருதப்படுகின்றது. ஆண்கள் இரண்டு ஆண்டுகளும் பெண்கள் பதினெட்டு மாதங்களும் பணியாற்றுவர். ஊதியம் கிடையாது, செலவைத் தாமோ குடும்பத்தாரோ ஏற்றுக்கொள்வர். 2012 ஒக்ரோபரில் பணியிற் சேர்வதற்குரிய வயதெல்லை ஆண்களுக்குப் பத்தொன்பதிலிருந்து பதினெட்டாகவும், பெண்களுக்கு இருபத்தொன்றிலிருந்து பத்தொன்பதாகவும் குறைக்கப்பட்டது. அப்போது 58 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த மிஷனரிமாரின் தொகை 2013 முடிவதற்குள் 80 ஆயிரத்தைத் தாண்டியது. யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரிலிருந்த தலைமைப் பயிற்சி நிலையத்தில் இடம் போதவில்லை. அதனால் 2013 ஜூன் மாதத்தில் மெக்ஸிக்கோ நகரில் மற்றொரு பெரும் நிலையம் திறக்கப்பட்டது. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளுக்குச் செல்லவிருந்த அமெரிக்க இளைஞர் பலர் அங்கே ஏறத்தாழ ஆறு வாரம் மொழியும் போதனையும் பயின்றனர்.

அங்கிருந்து எழுதப்பட்ட கடிதங்கள் பலவற்றை அடுத்தடுத்துப் படிப்போர்க்கு முதலிற் புலப்படுவது அவற்றின் ஒற்றுமையே. ஒரு வாரம் ஒரு மாதம் போலக் கழிந்தது என்ற வியப்புடன் கடிதம் தொடங்கும். அடுத்து, நிலையம் தனக்கென நியமித்த உடன்தோழன் யார், எந்த ஊரான் என்பது வரும். அவனைப் பிரிந்து தனியே எங்கும் செல்லலாகாது என்பது விதி. காலை ஆறரைக்கு எழுதல், இரவு பத்தரைக்கு விளக்கணைத்தல், இடையே வகுப்பு, படிப்பு, பிரார்த்தனை. உணவைப் பற்றி இரண்டு வேடிக்கை வரிகள். தென்னமெரிக்க இளைஞருடன் ஆடிய உதைபந்தாட்டம். பின்னர் ஒரு சோதனை: மொழி வரவில்லை, வீட்டு நினைவு வாட்டுகிறது, அழுகை வந்தது. அதன்மேல் ஒரு பிரார்த்தனை, அதன்மேல் ஆறுதல். இறுதியில், இப்பணி உண்மையானது என்று தான் அறிவதாக ஒரு சாட்சியம். பெயரை மாற்றிவிட்டால் ஒருவன் கடிதத்தை மற்றொருவன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பெயரும் பெரும்பகுதி மாறித்தான் இருக்கின்றது. மார்பில் அணிந்த பட்டயத்தில் குடும்பப் பெயரும் அதன் முன்னே ‘எல்டர்’ அல்லது ‘சகோதரி’ என்ற அடைமொழியும் மாத்திரமே உள்ளன. தாய் அழைத்த பெயருக்கு அங்கே இடமில்லை.

இதைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் நகைப்பு விமர்சனமாகாது. இந்த இளைஞனின் கண்ணீரிற் பொய்யில்லை. சொந்தச் செலவில், அறியாத நாட்டில், இரண்டு ஆண்டுகள் கதவு கதவாகத் தட்டி மறுப்பைக் கேட்கத் துணிந்தவன் அவன். அவனுடைய நேர்மையை ஐயுறுவதற்கு நமக்கு உரிமை கிடையாது. நாம் கேட்கவேண்டிய வினா வேறு. இத்துணை நேர்மையான ஓர் அனுபவம், எழுத்தில் வந்ததும் ஏன் இத்துணை வார்ப்படமாகிவிடுகின்றது?

இதற்கான விடை கடிதத்தின் நடுப்பகுதியிலேயே இருக்கின்றது. ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் வரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. பயிற்சிக்கு வந்த இரண்டொரு நாட்களிலேயே, சமயம் அறிய விரும்பும் ஒருவராக நடிக்கும் ஆசிரியர் முன்னே அமர்ந்து, இன்னும் கற்காத மொழியில் அவருக்குப் போதிக்கவேண்டும். இளைஞன் திணறுகின்றான், நெட்டுருச் செய்த நாலு வாக்கியங்களைச் சொல்கின்றான், மறுமொழி விளங்காமல் புன்னகை செய்கின்றான். கடிதத்தில் உண்மையான உயிர்த்துடிப்புள்ள இடம் இதுவே. ஆயின் இந்நிகழ்ச்சியின் பொருளை அவன் உணர்வதில்லை. அவன் அந்த மொழியில் முதலிற் கற்பவை பிரார்த்தனையும் சாட்சியமும். அயலான் ஒருவனிடம் ‘உன் ஊர் எது, உன் தொழில் என்ன, உன் கவலை யாது’ என்று கேட்பதற்கு முன்பே, அவனுக்குச் சொல்லவேண்டிய விடையைக் கற்றுவிடுகின்றான். கேட்கத் தெரியாமலே போதிக்கும் நிலையில் அவனைப் பயிற்சி நிறுத்துகின்றது. போதிப்பவனாக நிறுத்தப்பட்டவன் எழுதும் கடிதமும் போதனையாக முடிவதில் வியப்பில்லை.

ஆகவே அக்கடிதத்தில் மனிதர் குறைவு. குசினியில் நின்று சமைத்தவர், துணி வெளுத்தவர், வாயிலிற் காவல் நின்றவர் ஆகியோர் ‘இங்குள்ள மக்கள் மிக அன்பானவர்கள்’ என்ற ஒரு வாக்கியத்துள் ஒடுங்கிவிடுகின்றனர். ஆசிரியரும் பெரும்பாலும் இளைஞரே. முன்னர் மிஷனரிகளாகப் பணிபுரிந்து திரும்பியோர். அவர்களுடைய வாழ்க்கையும் கடிதத்துள் வருவதில்லை. மதிலுக்கு அப்பாலுள்ள நகரமோ, மலையழகாகவும் இரவில் தெரியும் விளக்குகளாகவும் மாத்திரமே காட்சி தருகின்றது.

இக்கடிதங்கள் எழுதப்பட்ட நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தபின் அவற்றைப் படித்தால், அவற்றின் மௌனம் நமக்கு வேறுவிதமாகக் கேட்கும். 2013 வரை அவ்விடத்தில் இருந்தது ஒரு பாடசாலை. அதே சபையினர் 1964 இல் மெக்ஸிக்கப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அப்பாடசாலையில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த பிள்ளைகள் விடுதியில் தங்கிப் பயின்றனர். ஒரு காலத்தில் அதனுள் ஆசிரியர் பயிற்சிப் பிரிவும் இருந்தது. அயல்நாட்டு மிஷனரிமாருக்கு இடம் தேவைப்பட்டபோது, ஏறத்தாழ 2,000 மாணாக்கர் பயின்றுகொண்டிருந்த அப்பாடசாலை மூடப்பட்டது. மூடும் செய்தி ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஜூனில் புதியவர்கள் வந்து சேர்ந்தனர். அரசுப் பாடசாலைகள் பெருகிவிட்ட காலத்தில் சபைப் பாடசாலைக்குத் தேவை குறைந்துவிட்டது என்று வாதிடலாம். எனினும், தன் கட்டில் கிடக்கும் அறையில் சில மாதங்களுக்கு முன் உறங்கியவன் யார் என்ற வினா, முதல் வாரக் கடிதத்தில் எழுவதேயில்லை.

அப்பாடசாலையின் பெயர் ‘பெனெமேரித்தோ தெ லாஸ் அமேரிக்காஸ்’. அமெரிக்க நாடுகளுக்கு நற்பணி புரிந்தோன் எனப் பொருள்படும் இது, மெக்ஸிக்கோவின் ஜனாதிபதி பெனித்தோ ஹுவாரெஸுக்கு வழங்கிய சிறப்புப் பட்டம். இந்த ஹுவாரெஸும் ஒரு காலத்தில் ஸ்பானிய மொழி அறியாத மாணாக்கனாக இருந்தவர். 1806 இல் ஒவஹாக்கா மலைநாட்டுச் சிற்றூரொன்றில் ஸப்பொத்தேக் இனத்திற் பிறந்து, மூன்று வயதிற் பெற்றோரை இழந்தார். பின்னாளில் தம் பிள்ளைகளுக்காக அவர் எழுதிவைத்த சுருக்கமான வாழ்க்கைக் குறிப்புகளை நம் கடிதங்களின் அருகே வைத்துப் படிக்கவேண்டும்.

அக்குறிப்புகளில் உணர்ச்சிச் சொற்கள் மிகக் குறைவு. ஏறத்தாழ இருபது குடும்பமே கொண்ட தம் ஊரிற் பாடசாலை இருக்கவில்லை என்கிறார். வசதியுள்ளோர் பிள்ளைகளை நகருக்கு அனுப்பிப் படிப்பித்தனர். வசதியற்றோர், எழுத்தறிவிக்கவேண்டும் என்ற நிபந்தனையின்மேல் பிள்ளைகளை நகரத்து வீடுகளில் வேலைக்கு விட்டனர். ஸ்பானிய மொழி கற்பிக்குமாறு சிறிய தந்தையாரை வேண்டிய சிறுவன், பாடம் வராவிட்டால் அடிப்பதற்குரிய பிரம்பையும் தானே கொண்டுபோய்க் கொடுத்தான். பன்னிரண்டாம் வயதில் ஊரைவிட்டு ஓடி, ஒவஹாக்கா நகரில் சமையற்காரியாக வேலை செய்த தமக்கையிடம் சேர்ந்தான். அங்கே சேர்ந்த பாடசாலையொன்றில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியரே தனியறையிற் கற்பித்தார்; ஏழைப் பிள்ளைகளை உதவியாசிரியரிடம் விட்டுவிட்டார். அநீதியைக் கண்டு சிறுவன் அப்பாடசாலையை விட்டு வெளியேறினான். பின்னர் குருமடத்திலும் சேர்ந்தான். குருவாதல் தன் விருப்பமன்று என உணர்ந்து சட்டக் கல்விக்கு மாறினான்.

இரண்டு எழுத்துகளும் இளமையில் அயன்மொழி கற்ற அனுபவத்தையே கூறுகின்றன. ஆனால் ஹுவாரெஸின் எழுத்தில், மொழிக்குப் பின்னால் ஒரு சமுதாயம் முழுவதும் நிற்கின்றது. யார் கற்கலாம், யார் கற்க முடியாது, கற்பதற்கு யார் எந்த விலை கொடுத்தார் என்பவையெல்லாம் சில பக்கங்களில் வந்துவிடுகின்றன. தமக்கையின் சமையலறை அங்கே வாழ்க்கை வரலாற்றின் ஓர் அத்தியாயம். தன் துன்பத்தைச் சொல்லும்போதே தன்னைப் போன்ற மற்றவர்களின் துன்பத்தையும் சொல்லிவிடுகின்றார். முதல் வாரக் கடிதத்திலோ துன்பம் தனிமனிதனின் சோதனையாகவே தொடங்கித் தனிமனிதனின் வெற்றியாகவே முடிகின்றது. தன்வரலாறு சமுதாய இலக்கியமாவதும் ஆகாமற் போவதும் இவ்விடத்திலேதான் தீர்மானமாகின்றது.

வரலாறு நேர்கோட்டிற் செல்வதில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. திருச்சபைச் சொத்துகளை நாட்டுடைமையாக்கிய சீர்திருத்தச் சட்டங்களை 1859 இல் நிறைவேற்றியது ஹுவாரெஸின் அரசே. 1860 இல் வழிபாட்டுச் சுதந்திரம் சட்டமாகியது. அச்சுதந்திரம் திறந்த வாயில் வழியாகவே 1876 இல் முதல் மோர்மன் மிஷனரிமார் மெக்ஸிக்கோவினுள் வந்தனர். சபையிற் சேர்ந்த மெக்ஸிக்க மக்களும் கைகட்டி நின்றவர்களல்லர். 1926 இன் பின் அயல்நாட்டுக் குருமார் வெளியேறவேண்டி வந்தபோது, சபைக் காரியங்களைத் தாமே நடத்திப் பழகினர். 1936 இல் அங்கத்தவருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் கூடி, மெக்ஸிக்கர் ஒருவரே தமக்குத் தலைவராகவேண்டும் எனக் கோரினர்; தம் மொழியில் நூல்களும் தம் பிள்ளைகளுக்குக் கல்வியும் வேண்டினர். கோரிக்கை மறுக்கப்பட்டது, அவர்கள் பிரிந்து நின்றனர், 1946 இல் மீண்டும் இணக்கம் ஏற்பட்டது. இந்தப் போராட்டப் பின்னணியில் வைத்து நோக்கும்போதுதான், 1964 இல் எழுந்த பாடசாலையின் பொருளும் 2013 இல் அது மூடப்பட்டதன் பொருளும் விளங்கும்.

யாழ்ப்பாணத்து வாசகனுக்கு இவ்வரலாறு புதிதாகத் தோன்றாது. 1816 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரும் கடிதம் எழுதினார்கள். பொஸ்ரனில் வெளிவந்த மிஷன் மாத இதழில் அவை அச்சேறின. 1823 இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினரி, சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரை உருவாக்கியது. ஆயின் அங்கு பயின்றோர் சமயப் பணியைவிட அரசாங்க உத்தியோகத்தையே நாடுகின்றனர் என்ற குறைபாடு எழுந்தது. 1855 இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு அச்செமினரியை மூடியது. கல்வி, சமயப் பணிக்குக் கருவியாக இருக்கும்வரை போற்றப்படும். அப்பணிக்கு இடையூறெனத் தோன்றினால் கைவிடப்படும். எனினும் மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழிலே வைத்தியம் கற்பித்ததையும் நாம் மறப்பதற்கில்லை. மிஷனரி அனைவரும் ஒரே வார்ப்பல்லர் என்பதற்கு அவரே சான்று.

இறுதியாக நம்மை நோக்கியும் ஒரு வார்த்தை. இத்தகைய கடிதத்தை மிஷனரி மாத்திரந்தான் எழுதுகின்றான் என்று நாம் எண்ணிக்கொள்ளலாகாது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் முற்போக்கு எழுத்தாளர் பலர் சோவியத் நாட்டுக்கும் சீனாவுக்கும் சென்றுவந்து எழுதிய பயணக் கட்டுரைகளை மீளப் படித்துப் பாருங்கள். வரவேற்பு, தொழிற்சாலை, குழந்தைகளின் புன்னகை, சிறிது குளிர், சிறிது வீட்டு நினைவு, முடிவில் ஒரு சாட்சியம். மொழி அறியாமல், வழிகாட்டி காட்டியதை மாத்திரம் கண்டு, கேள்வி கேட்குமுன்பே விடையைக் கையில் வைத்திருந்தோர் நம்மிலும் இருந்தனர். நம்பிக்கை மாறுபட்டது; வார்ப்படம் ஒன்றே. எழுதியவர்கள் பொய்யர்களல்லர், அந்த இளம் மிஷனரியைப் போலவே நேர்மையானவர்கள். அந்நேர்மை போதாமற் போனதே நாம் கற்கவேண்டிய பாடம்.

வகுப்பறையிலும் இதே நிலைதான். சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், என் மாணாக்கர் நாற்பது பேரும் அதிகாலையிற் புறப்பட்டு, இயற்கை அழகில் மெய்ம்மறந்து, மறக்கமுடியாத அனுபவத்துடன் வீடு திரும்புகின்றனர். பஸ் ஓட்டிய மனிதர் ஒரு கட்டுரையிலும் வருவதில்லை. அவ்வாறு எழுதுவோருக்கே நாம் கூடிய புள்ளி இடுகின்றோம். அவர்களுக்குச் சாட்சியம் சொல்லப் பழக்கியவர்கள் நாமே. அடுத்த முறை கட்டுரைத் தலைப்பை எழுதுமுன், ‘உனக்குச் சோறு போட்டவர் யார், அவருடைய பெயரைக் கேட்டாயா?’ என்ற வினாவைக் கரும்பலகையில் எழுதுவோம். அதற்கு விடை தேடிச் செல்லும் மாணாக்கன், எந்தப் பயிற்சி நிலையத்துக்குச் சென்றாலும், எந்தக் கொடியின் கீழ் நின்றாலும், முதல் வாரத்திலேயே ஓர் உண்மையான கடிதத்தை எழுதுவான்.