படிக்கட்டும் பரிமாற்றமும்: இராதாகிருஷ்ணனின் ஆக்ஸ்போர்டு விரிவுரைகள் குறித்து ஒரு திறனாய்வு

ஆசிரியர் பரிமாற்றம் என்பது இறையியல் கல்விக்குப் புதியதன்று. மேனாட்டுப் பேராசிரியர் இங்கு வந்து கற்பிப்பதும், நம்மவர் கடல் கடந்து சென்று விரிவுரையாற்றுவதும் நெடுநாளைய வழக்கம். 1950இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஃபுல்பிரைட் உடன்படிக்கைக்குப் பின்னர் பொதுக் கல்வித் துறையிலும் இது நிலைபெற்றது. சென்று வந்தோரை உலகளாவிய நோக்குடையோர் என்கிறோம். அந்நோக்கு ஓர் ஆசிரியரிடம் உண்டு என்பதை எதைக்கொண்டு அறிவது? இவ்வினாவை ஆராய, திருத்தணியில் பிறந்த ஓர் ஆசிரியரின் நூல் தக்க சான்றாகிறது.

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தவர். 1962 முதல் அந்நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். தெலுங்கு பேசும் குடும்பம். ஊரோ இரு மொழிகளின் எல்லை. 1953இல் ஆந்திர மாநிலத்தில் அமைந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அவர் பயின்ற நிறுவனங்களும் கருதத்தக்கவை. திருப்பதியில் ஜெர்மானிய லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் அமெரிக்க மிஷனின் ஊரிஸ் கல்லூரி, பின்னர் ஸ்காட்லாந்து மிஷனின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. கடல் கடக்குமுன்னரே அவர் அயல்நாட்டு ஆசிரியர்களின் மாணாக்கராயிருந்தார்.

அவ்வாசிரியருள் ஒருவர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். 1903இல் சென்னை வந்த இவர், 1909இல் ‘கர்மாவும் மீட்பும்’ என்னும் பொருளுடைய ஆங்கில நூலை வெளியிட்டார். இந்து சமயத்துக்கு விளக்கம் கூறுவதோடு கிறிஸ்தவத்தை மறுபடி எடுத்துரைப்பதும் தம் நோக்கம் என்பதை அந்நூலின் துணைத்தலைப்பிலேயே குறித்தார். கற்பிக்க வந்த நாட்டின் சிந்தனை தம் சொந்த விசுவாசத்தைத் திரும்ப எண்ணிப் பார்க்கச் செய்தது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஆசிரியர் அவர்.

மாணாக்கரும் வாளாவிருக்கவில்லை. வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்ற கிறிஸ்தவக் குற்றச்சாட்டுக்கு விடையாகவே இராதாகிருஷ்ணன் தமது முதுகலை ஆய்வுரையை எழுதினார். அது 1908இல் அச்சேறியது. தம் சமயத்தைத் தாக்கிய அவ்வாய்வுரையை ஹாக் பாராட்டினார் என்றன்று. தம் மிஷனின் குற்றச்சாட்டை மறுத்த ஆய்வுரையை அவர் மனமாரப் பாராட்டினார் என்பதே அவ்வகுப்பறையின் சிறப்பு. மிஷனரிகளின் கண்டனமே தம்மை இந்து சமயத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டிற்று என்று இராதாகிருஷ்ணனும் பிற்காலத்தில் எழுதினார்.

1926இல் பரிமாற்றத்தின் திசை மாறியது. ஆக்ஸ்போர்டு மான்செஸ்டர் கல்லூரியில் அவர் ஆற்றிய அப்டன் விரிவுரைகள், மறு ஆண்டு ‘தி ஹிந்து வியூ ஆஃப் லைஃப்’ என்னும் நூலாயின. 1936இல் ஆக்ஸ்போர்டில் கீழ்நாட்டுச் சமயங்களுக்கும் ஒழுக்கவியலுக்குமான ஸ்பால்டிங் பேராசிரியப் பதவியை முதன்முதல் ஏற்றவரும் அவரே. மேனாடு தன் சமயத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு பிறவற்றை அளந்துவந்த காலத்தில், அளக்கப்பட்டவர் தாமே எழுந்து பேசினார். மாயை என்பது உலக மறுப்பு ஆகாது, கர்மம் என்பது விதிவாதம் ஆகாது என்ற அவரது விளக்கங்களைக் கல்லாமல் இந்து அயலாரோடு உரையாட முற்படும் ஆயர் எவரும் ஆயத்தமற்றவரே.

எனினும், அந்நூலின் இரு பகுதிகள் ஆய்வுக்குரியன. முதலாவது, வழிபடுவோரை அவர் படிநிலைகளில் வரிசைப்படுத்துவது. முழுமுதற் பரம்பொருளை வழிபடுவோர் உச்சியில். ஆள்தன்மையுள்ள கடவுளை வழிபடுவோர் அடுத்து. அவதாரங்களை வழிபடுவோர் அதற்கும் கீழே. ஆவிகளை வணங்குவோர் கடைசியில். ஒருவரையும் புறந்தள்ளாமல் அனைவரையும் ஏற்றுக்கொள்வதாகத் தோன்றும் இவ்வமைப்பு, எல்லாரையும் தான் குறித்த இடத்தில் இருத்திவிடுகிறது. திருத்தணி மலையின் 365 படிகளை ஆடிக் கிருத்திகையன்று காவடியோடு ஏறும் பக்தர், தம் முருகனைத் தாழ்ந்த படிக்குரியவன் என ஒப்புவாரா? வார்த்தை மாம்சமானதை அறிக்கையிடும் கிறிஸ்தவரும் ஒப்பமாட்டார். பிறரைத் தம் படிக்கட்டில் ஏற்றுவது வேறு. பிறர் தம்மை வினவ இடங்கொடுப்பது வேறு.

இரண்டாவது, சாதியைப் பற்றிய பகுதி. பல்வேறு இனங்கள் மோதியழியாமல் ஒன்றித்து வாழ வகைசெய்த ஏற்பாடாக அதன் தோற்றத்தை நூல் விளக்குகிறது; இந்து நாகரிகம் நெடுங்காலம் நிலைத்திருப்பதையும் பெருமையாகச் சுட்டுகிறது. 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர் இந்நூலையே பெயர் குறித்து மறுத்தார். ஒரு சமூகம் பிழைத்திருக்கிறதா என்பதைவிட, எந்தத் தரத்தில் வாழ்கிறது என்பதே கேள்வி என்றார். அயல்நாட்டு மேடையில் தாயகத்தின் பெயரால் பேசுகிறவர், தாயகத்தில் பேச இடம் மறுக்கப்பட்டோரின் குரலையும் சுமந்து சென்றாரா? ஆக்ஸ்போர்டின் அவையோர் எழுப்ப அறியாத இவ்வினா, சேரியிலிருந்து எழுந்தது.

இக்குறைகளைச் சுட்டும் தகுதி நமக்கு எளிதில் வாய்ப்பதன்று. ஃபார்க்குவர் 1913இல் எழுதிய ‘இந்து சமயத்தின் மகுடம்’ கிறிஸ்துவை உச்சியில் வைத்து அதே போன்ற படிக்கட்டையே கட்டிற்று. சமயங்கள் ஒவ்வொன்றும் தமக்கே உரிய வினாக்களைக் கேட்கின்றன, ஒன்று மற்றதன் நிறைவேற்றம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது எனக் கண்ட ஹாக், அக்கருத்தையும் கண்டித்தவர். சாதியைப் பொறுத்தும் அவ்வாறே. நமது ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் சாதிப் பிரிவினை இருந்துவர, மேனாட்டுத் திருச்சபைகளில் கிறிஸ்துவில் ஒருமைப்பாடு என்னும் தலைப்பில் மட்டும் சொற்பொழிவாற்றித் திரும்பும் ஆசிரியரை எவ்வாறு மதிப்பிடுவோம்?

கொர்நேலியுவின் வீட்டுக்குப் போதிக்கச் சென்ற பேதுரு, கடவுள் பட்சபாதமுள்ளவரல்லர் என்பதை அங்கேதான் கற்றார். அதோடு அவர் பணி முடியவில்லை. எருசலேமுக்குத் திரும்பி, தம்மைக் குறைகூறிய சொந்தச் சபையாருக்கு அதனை விளக்கவேண்டியிருந்தது. அயல்நாடு சென்று வரும் நம் ஆசிரியரிடமும் இதையே எதிர்பார்க்கிறோம். சென்ற இடத்தில் எவ்வினா அவரது போதனையை மாற்றியது என்பதை அவர் திரும்பிவந்து தம் சபையின் முன் சொல்லவேண்டும். அதனைக் கேட்கும் செவி நமக்கும் வேண்டும்.