மேற்பார்வை நிரலும் மாணவர் கல்வியும்

உள்ளங்கையில் அடங்கும் நுண்கட்டுப்பாட்டுப் பலகைகள் இன்று வகுப்பறைக்கு வந்துவிட்டன. 2016இல் நம் நாட்டில் தொடங்கிய 'மைடிஜிட்டல்மேக்கர்' இயக்கம் இதற்கு ஊக்கமளித்தது. எப்பலகை மாணவர்க்கு ஏற்றது என்னும் வினா ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டப் பள்ளிகளுக்கும் உரியதே. நெட்டுவினோ என்னும் பலகையை ஆராயின் விடை புலப்படும்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'டாட்நெட் மைக்ரோ பிரேம்வொர்க்'கைத் தாங்கி 2010இல் வெளிவந்தது நெட்டுவினோ. அதில் இயங்குவது 'மேனேஜ்டு கோடு'. இதனை 'மேலாண்மை நிரல்' எனப் பெயர்த்தால் அலுவலக நிருவாகமே நினைவுக்கு வரும். 'மேற்பார்வை நிரல்' என்பதே பொருந்தும். தோட்டத்துக் கங்காணியை எண்ணிப் பார்க்க. மாணவன் எழுதும் கட்டளை நேரே சில்லுக்குச் செல்வதில்லை. இடையே ஒரு கங்காணி நின்று சரிபார்த்தே ஏவுகின்றான். பத்து எண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் பதினோராவதை வைக்க முயன்றால், பிழை இன்னதெனச் சொல்லித் தடுப்பான். ஆர்டுயினோ ஊனோவில் அத்தகைய பிழை வாய்திறவாது; பக்கத்து நினைவிடத்தைக் கெடுத்துவிட்டு நிரல் தொடர்ந்து ஓடவும் கூடும். தொடக்க மாணவனுக்கு முன்னதே நல்லாசான்.

ஆயின், கங்காணிக்கும் கூலி உண்டு. நெட்டுவினோவின் சில்லில் உள்ள நினைவகம் 128 கிலோபைட். மாணவனுக்கு எஞ்சுவது ஏறத்தாழ 60. ஊனோவின் 2 கிலோபைட்டை நோக்க இதுவும் செல்வமே. பெரிய இழப்பு காலத்தில் உள்ளது. பயன்தீர்ந்த நினைவிடங்களைத் திரட்டக் கங்காணி நிற்கும்போது மாணவனின் நிரலும் நிற்கும். மீயொலியால் தொலைவளக்கும் கருவியில், ஒலி ஒரு செ.மீ. சென்று மீள ஏறத்தாழ 58 மைக்ரோநொடி ஆகும். எதிரொலியைக் குறிப்பதில் ஒரு மில்லிநொடி பிந்தினால் 17 செ.மீ. பிழை நேரும். மாணவன் தன் வரிகளில் குற்றம் தேடி மயங்குவான், குற்றமோ அங்கிராது.

ஆகவே, மேற்பார்வைப் பலகையில் தொடங்குவது நன்று. அதிலேயே நின்றுவிடுவது குறை. ஒரே விளக்கையும் ஒரே அளவுகருவியையும் மேற்பார்வை இல்லாத பலகையிலும் பொருத்தி, வேறுபாட்டை மாணவரே கண்டறியச் செய்தல் வேண்டும். நெட்டுவினோ இன்று வழக்கிழந்தது. எனினும் அதன் நெறியை 'டாட்நெட் நானோபிரேம்வொர்க்' ஈஎஸ்பி32 முதலிய சில்லுகளில் தொடர்கின்றமையால், இத்தீர்ப்பு இன்றும் பொருந்தும். சிறு பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பலகை வாங்கும்போது விலையை மட்டும் பாராமல், அப்பலகை மாணவனுக்கு எதைக் காட்டுகின்றது, எதை மறைக்கின்றது என்பதையும் கேட்டறிதல் கடன்.