பாவையின் கையும் முகமும்

கணினித் திரையிற் சைகைமொழி பேசும் அசைவுப் பாவையைச் செவிப்புலனற்ற சிறார்க்கு ஆசிரியராக்கலாம் என்பர் சிலர். தலைநகருக்குத் தொலைவிலுள்ள மன்னார்க் கரையோரத்துக்கு இஃது ஏற்றதெனத் தோன்றலாம். ஆயினும் இக்கருத்தை ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும்.

சைகைமொழி, பேச்சுமொழியைக் கையாற் பெயர்த்துக் காட்டும் முறையன்று. தனக்கென இலக்கணம் உடையது. அமெரிக்கச் சைகைமொழியை ஆராய்ந்து வில்லியம் ஸ்டோக்கோ 1960 இல் இவ்வுண்மைக்கு அடித்தளமிட்டார். அம்மொழியில் ஆம், இல்லை என்னும் விடை வேண்டும் வினாவைப் புருவ உயர்வே உணர்த்தும். எனவே கைமட்டும் இயங்க முகம் உறைந்து நிற்கும் பாவை, உயிரெழுத்துகளை நீக்கி மெய்யெழுத்துகளை மாத்திரம் அச்சிட்ட பாடநூலை ஒக்கும்.

உலகச் செவிப்புலனற்றோர் சம்மேளனம் 2018 இல் வெளியிட்ட அறிக்கையும் நோக்கத்தக்கது. முன்னரே ஆயத்தஞ் செய்யப்படும் மாறாத அறிவித்தல்களுக்குப் பாவை பயன்படலாம். உரையாடலில் மனித உரைபெயர்ப்பாளரின் இடத்தை அது பெறலாகாது என்பதே அதன் சாரம். வகுப்பறையோ வினாவும் மறுவினாவும் நிகழும் இடம். மாணவன் முகத்தில் ஐயம் படர்வதை ஆசிரியர் காண்பார். பதிவுசெய்த பாவை பாடத்தைத் தொடரும்.

ஆகவே பாவையை அகராதியாகவும் கதைநூலாகவும் கொள்வோம். அதற்கு வேண்டிய சைகைகளை, கரைவலை முதல் திருக்கைமீன் ஈறாக, மன்னாரில் வாழும் செவிப்புலனற்றோரிடமே கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். அவர்களை விலக்கி அமைக்கும் பாவை, எத்துணை அழகியதாயினும், அச்சிறார்க்கு அயல்மொழியே பேசும்.