பந்து எங்கே போனது?

திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பதினைந்து ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். வசந்தவல்லி பந்தடிக்கும் பகுதி வந்ததும் தூங்கி வழிகிற வகுப்புகூட விழித்துக்கொள்ளும். சந்தம் அப்படி. சென்ற ஆண்டு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "எல்லாம் சரி மேடம், பந்து எங்க போச்சு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். கேட்டவள் கால்பந்து ஆடுகிறவள். கிண்டலுக்காக அவள் கேட்கவில்லை என்பது வீட்டுக்குப் போய்ப் பாட்டைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. வளையல்கள் வெற்றி வெற்றி என்று ஒலிக்கின்றன. சிலம்பும் தண்டையும் இடைக்காகப் புலம்புகின்றன. பகையை வென்றுவிட்டதாக மார்பு பூரிக்கிறது. உடம்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பந்துக்குத்தான் இல்லை. எத்தனை முறை அடித்தாள், எப்போது தவறவிட்டாள், ஒன்றும் தெரியாது. பவனி வரும் திரிகூடநாதரைக் கண்டு அவள் மயங்கியதும் பந்து கதையிலிருந்தே விழுந்துவிடுகிறது.

மேலகரத்துக் கவிராயர் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர், குறை சொல்ல மனம் வருவதில்லை. அவர் தனியாகச் செய்ததும் அல்ல இது. பெண்ணின் பந்தாட்டம் நம் இலக்கியத்தில் பெரும்பாலும் காதலுக்கு முந்தைய ஏற்பாடு. கொங்குவேளிரின் பெருங்கதையில் ஒவ்வொருத்தி அடித்த கணக்கும் ஆயிரக்கணக்கில் வருகிறது, ஒருத்தியை ஒருத்தி மிஞ்சும் உண்மையான போட்டி அது. ஆனால் அங்கேயும் உதயணன் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆட்டம் முடிகிற இடம் அவனுடைய காதல்.

ஆடுகிறவளை விட்டு ஆட்டக்காரியின் உடம்பைப் பார்க்கும் இந்தக் கண் நம்முடையது மட்டும்தானா என்று தேடப் போய்த்தான் நெட்டி ஹனிபால் என்ற பெயரில் வந்து நின்றேன். 1894-இல் லண்டனில், கால்பந்து ஆட விருப்பமுள்ள பெண்கள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தவள். முப்பது பேர் அளவில் வந்தார்கள். பிரிட்டிஷ் மகளிர் கால்பந்துக் கழகம் அப்படித்தான் உருவானது. எழுத்தாளரும் பெண்ணுரிமையாளருமான ஃபுளோரன்ஸ் டிக்ஸி அதன் தலைவர். 1895 மார்ச் 23 அன்று வடலண்டனின் கிரவுச் எண்டில் வடக்கு, தெற்கு என்று இரண்டு அணிகளாகப் பிரிந்து ஆடினார்கள். வடக்கு 7, தெற்கு 1. பார்க்க வந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

மறுநாள் பத்திரிகைகள் எதை எழுதின? சட்டையின் நிறத்தை, தலையில் வைத்த தொப்பியை, தொளதொளத்த கால்சட்டையை. ஓடத் தெரியவில்லை என்ற கேலியை. கவிராயர் வளையலுக்காவது வெற்றியைக் கொடுத்தார்.

நெட்டி ஹனிபால் என்பது புனைபெயர் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 1881 மே மாதத்தில் கிளாஸ்கோவில் பெண்கள் ஆடியபோது கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டத்தையே நிறுத்தியது. அந்தப் பெண்களும் மாற்றுப் பெயர்களில்தான் ஆடினார்கள். 1895-க்குப் பிறகு நெட்டியின் பெயர் பதிவுகளிலிருந்து மறைகிறது. வசந்தவல்லிக்குப் பெயர் உண்டு, கணக்கு இல்லை. இவளுக்குக் கணக்கு உண்டு, பெயர் இல்லை.

அவள் உண்மையில் யார் என்று கண்டுபிடிக்கும் முயற்சிகளை நான் அரைமனதோடுதான் படிக்கிறேன். ஒளிந்துகொள்ள விரும்பியவளின் கதவை நூற்றாண்டு கழித்துத் தட்டுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதைவிட உறுத்துவது வேறொரு வாதம்: இது கட்டணம் வாங்கி நடத்திய வேடிக்கை, விளையாட்டு வரலாற்றில் சேராது என்பது. இங்கிலாந்தில் ஆண்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடலாம் என்று 1885-லேயே கால்பந்துச் சங்கம் ஒத்துக்கொண்டுவிட்டது. அவர்கள் ஆட்டத்துக்கும் டிக்கெட் உண்டு. காசு பெண் கைக்குப் போகும்போதுதான் அது வேடிக்கையாகிவிடுகிறதா? 1920 டிசம்பரில் லிவர்பூலில் டிக் கெர் மகளிர் அணியின் ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரில், தன் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்று அதே சங்கம் தடை போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்றார்கள். அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டு நின்றது.

குறவஞ்சிக்கே திரும்பினால், அதில் தன் தொழிலைத் தானே சொல்கிற ஒருத்தி இருக்கிறாள்: சிங்கி. இத்தனை நாள் எங்கே போனாய், இந்த நகை ஏது என்று சிங்கன் குடைகிறான். ஒவ்வொரு நகையும் எந்த நாட்டில் குறி சொன்னதற்குக் கிடைத்தது என்று அவள் கணக்கு ஒப்பிக்கிறாள். கணவனின் சந்தேகத்துக்குச் சொன்ன பதில்தான், ஆனாலும் ஒரு பெண்ணின் உழைப்பும் ஊதியமும் ஊர்ப் பெயரோடு அதில் பதிவாகிவிட்டது. வகுப்பில் நாம் அதைக் கணவன் மனைவி ஊடல் என்று சொல்லி, நகைச்சுவை என்று ஐந்து மதிப்பெண் கேள்வியாக்கிக் கடந்து போகிறோம். நானும் அப்படித்தான் நடத்தினேன்.

பந்தைக் கேட்ட மாணவி போன மாதம் ஒரு போட்டிக்குப் போய் வந்தாள். வீட்டில் சிறப்பு வகுப்பு என்று சொல்லியிருந்தாள். அறிவிப்புப் பலகையில் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். "போட்டோ வந்துச்சுன்னா அப்பா ஏசுவாங்க மேடம், அடுத்த மேட்ச்சுக்கு விட மாட்டாங்க." எவ்வளவு என்று கேட்டேன். இரண்டுக்கு ஒன்று, ஜெயித்துவிட்டோம் என்றாள். எப்படி என்று கேட்டேன். ஆசிரியர் அறை மேசையில் சாக்பீஸ் பெட்டியை ஒரு கோல் கம்பமாகவும் வருகைப் பதிவேட்டை இன்னொன்றாகவும் வைத்தாள். ஒரு சாக்பீஸ் துண்டை இடது ஓரத்திலிருந்து விரலால் தள்ளிக்கொண்டு வந்தாள். இங்கே ஒருத்தியை ஏமாற்றினேன், இங்கே பாஸ், திரும்ப என்கிட்ட வந்தது, கோல்கீப்பர் இந்தப் பக்கம் சாய்ந்தாள் என்று சொல்லிக்கொண்டே வந்து இரண்டுக்கும் நடுவில் சுண்டினாள்.

அது உருண்டு மேசைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. குனிந்து எடுத்து வைத்துவிட்டு மழைக்கு முன்னால் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அவள் பெயரை இங்கேயும் எழுதவில்லை.