கையெழுத்து இல்லாத கடிதம்

ஒரு கடிதத்துக்கு விமரிசனம் எழுதலாமா? அதுவும் நாலைந்து வரிக் கடிதம். எழுதியவனுக்கு வயது 16. வீட்டை விட்டு ஓடுவதற்குச் சற்று முன், அவசர அவசரமாக எழுதியது. ஆனாலும் தமிழ் உரைநடையில் அதற்கு ஓர் இடம் உண்டு என்பது என் கட்சி.

எழுதிய பையன் வேங்கடராமன். பின்னால் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி ஆனவர். அதை ஒரு நிமிஷம் மறந்துவிட்டு, வெறும் பள்ளிக்கூடப் பையனாகப் பாருங்கள். அப்பா 1892-ல் இறந்துவிட்டார். மதுரையில் சித்தப்பா வீட்டில் அண்ணனோடு தங்கி, அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். புட்பால் ஆடுவான். நல்ல ஞாபகசக்தி, படிப்பில் அவ்வளவு அக்கறை இல்லை. 1896 ஜூலையில் ஒரு நாள் திடீரென்று மரண பயம் வருகிறது. 'செத்துப்போவது எது? உடம்பா, நானா?' என்று தனியாகப் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்க்கிறான். அதற்கப்புறம் பாடத்தில் மனசு ஒட்டவில்லை.

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. பெயின் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடத்தைப் படிக்காததற்கு, மூன்று தடவை எழுதும்படி இம்போஸிஷன். இரண்டு தடவை எழுதினான். மூன்றாவதைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பெல்லாம் எதற்கு என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொன்னார். நாம் எல்லோரும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்கிற அதே வார்த்தைதான். வித்தியாசம் என்னவென்றால், இந்தப் பையன் அது வாஸ்தவம்தான் என்று எடுத்துக்கொண்டான்.

மின்சாரம் பற்றி ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினான். அப்படியே போகிற வழியில் என் காலேஜ் பீஸையும் கட்டிவிடு, பெட்டியில் ஐந்து ரூபாய் இருக்கிறது என்றார் அண்ணன். மூன்று ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு, கடிதத்தையும் மீதி இரண்டு ரூபாயையும் வைத்துவிட்டுப் போனான். பார்த்தது பழைய அட்லஸ். திருவண்ணாமலைக்கு ரயில் வந்தது அதில் இல்லை. அதனால் திண்டிவனத்துக்கு டிக்கெட். நடுவில் இறங்கி, நடந்து, கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1-ம் தேதி போய்ச் சேர்ந்தான்.

இனி கடிதம். அது 'நான்' என்று ஆரம்பிக்கிறது. அடுத்த வாக்கியத்திலேயே 'நான்' போய் 'இது' வந்துவிடுகிறது. முடிவில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. உபன்யாசங்களில் இந்த மூன்றையும் விஸ்தாரமாகச் சொல்வார்கள். அகந்தை எப்படிப் படிப்படியாகக் கரைகிறது, பாருங்கள் என்பார்கள். சரிதான்.

ஆனால் நடுவில் ஒரு சங்கதியை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். கடிதத்தில் அண்ணனின் 'சம்பளம்' பற்றிப் பேச்சு வருகிறது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு அதுதான் பெயர். அது கட்டப்படவில்லை, மீதி ரூபாய் இதோடு இருக்கிறது என்று தகவல். என்னைத் தேடிக் காசைச் செலவழிக்காதீர்கள் என்று வேறு ஒரு குறிப்பு. உலகத்தையே விட்டுப் போகிறவன் இரண்டு ரூபாய்க்குக் கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். 'நான்' போன பிறகும் மற்றவர்மேல் அக்கறை போகவில்லை. எனக்கு இந்தக் கடிதத்தின் உச்சம் அந்தக் கணக்குதான்.

இன்னொரு இடம் உறுத்துகிறது. அப்பாவைத் தேடிப் போவதாக எழுதியிருக்கிறான். அவன் சொன்னது அருணாசலத்தை. படித்த அண்ணனுக்கோ இறந்துபோன அப்பா ஞாபகம் வந்திருக்காதா? யாரும் கவலைப்படக் கூடாது என்றும் எழுதியிருக்கிறான். அதெப்படி முடியும்? அம்மா அழகம்மாள் இரண்டு வருஷத்துக்கு மேல் தவித்து, 1898 டிசம்பரில் திருவண்ணாமலை பவழக்குன்றில் பிள்ளையைப் பார்த்தார். கூப்பிட்டார், அழுதார். மௌனத்தில் இருந்த பிள்ளை காகிதத்தில் பதில் எழுதிக் கொடுத்தார். விதி, நடப்பது நடக்கும், சும்மா இருப்பதே உத்தமம் என்று. தத்துவமாக அது பெரிய விஷயம். கடிதமாக, முதல் கடிதத்தின் ஈரம் அதில் இல்லை.

அந்த ஈரத்தை வாழ்க்கை சரிசெய்தது. 1916-ல் அம்மா அவரோடு வந்து இருந்தார். 1922-ல் இறந்தார். அவர் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. அப்பாவைத் தேடிப் போனவர் கடைசியில் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்தார்!

இதைப் படித்துவிட்டு எந்தப் பையனும் ரயிலேற வேண்டாம். வீட்டை விட்டு ஓடுகிறவர்கள் எல்லோரும் அண்ணாமலைக்குப் போய்ச் சேருவதில்லை. நான் சொல்வது அண்ணன்களுக்கு, அம்மா அப்பாக்களுக்கு. பொதுத் தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. நம் வீடுகளில் இன்னும் நிறுத்தவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், 'இதெல்லாம் உனக்கு எதுக்கு?' என்று கேட்காதீர்கள். 'என்னப்பா யோசிக்கிறே?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.

மூன்றாவது தடவை எழுதாவிட்டால் குடி முழுகிவிடாது.