உலாவிச் சோதனையின் மரபுகளும் தராதரங்களும்

திறந்தமூல மென்பொருள் திட்டம் ஒன்றிற்கு எத்தேசத்தவரும், முகமறியாத எவரும், நிரலில் ஒரு திருத்தம் எழுதி அனுப்பலாம் என்பது அம்முறையின் தனிப்பெருமை; அவ்விதம் வந்த திருத்தத்தை ஏற்றால் நேற்றுவரை செவ்வனே இயங்கிய செயலி இன்று பழுதுபடுமோ என்ற சந்தேகத்தைத் தீர்க்கப் பராமரிப்பாளரின் சிரத்தை மாத்திரம் போதாதாகையால், தாமாகவே நிகழும் சோதனைகள் அவசியமாயின.

வலைச் செயலிகளைப் பொறுத்தவரை இத்துறையின் முன்னோடிகளில் தலையாயவர் ஜேசன் ஹக்கின்ஸ். 2004ஆம் ஆண்டில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில், ஊழியர்களின் நேரத்தையும் செலவையும் பதியும் செயலி ஒன்றைச் சோதிக்கும் பொருட்டு அவர் ஜாவாஸ்கிரிப்டில் இயற்றிய கருவியே செலினியம் ஆயிற்று. அது பக்கத்தின் உள்ளேயே இருந்துகொண்டு பொத்தான்களை அழுத்தியும் படிவங்களை நிரப்பியும் பார்த்தது. ஆயினும் ஒரு தளத்தின் நிரல் பிறிதொரு தளத்தைத் தொடலாகாது என்று உலாவிகள் விதித்திருந்த பாதுகாப்பு நியமம் அதற்குப் பெருந்தடையாக நின்றது. சைமன் ஸ்டூவர்ட் தோற்றுவித்த வெப்டிரைவர் என்னும் கருவியோ உலாவியை வெளியிலிருந்தே செலுத்தும் மார்க்கத்தைக் கைக்கொண்டது. 2011இல் வெளியான செலினியம் 2இல் இவ்விரு மரபுகளும் சங்கமித்தன. 2018 ஜூன் மாதத்தில், வலைத் தராதரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெப்டிரைவரைத் தன் பரிந்துரையாகவே வெளியிட்டது. வியாபாரத்தில் ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்களின் உலாவிகள், ஒரே விதமான ஆணைகளுக்குக் கட்டுப்பட இசைந்தது சாமானிய விஷயமன்று.

பின்னர் சைப்ரஸ் என்னும் கருவி உலாவிக்குள்ளிருந்தே சோதிக்கும் பழைய வழியைப் புதுப்பித்தது. உலாவியைச் செலுத்தும் கருவிகளாக 2017இல் கூகுளின் பப்பெட்டியரும், 2020இல் மைக்ரோசாஃப்டின் பிளேரைட்டும் வந்தன.

எம்மரபைச் சேர்ந்ததாயினும், ஒரு சோதனையின் தரத்தை நிர்ணயிப்பது அது காத்திருக்கும் விதமே என்பது என் திடமான அபிப்பிராயம். பக்கம் வந்துசேர ஐந்து விநாடி ஆகும் என்று உத்தேசமாக எழுதிவைத்தால், விரைவான கணினியில் காலம் விரயமாகிறது. மந்தமான கணினியிலோ குற்றமற்ற நிரல் தோற்றதாகத் தீர்ப்பாகிறது. இவ்வாறு நிரலில் யாதொரு மாறுதலுமின்றியே ஒருமுறை வென்றும் மறுமுறை தோற்றும் நிற்கும் சோதனை, நாளுக்கொரு விதமாகப் பேசும் சாட்சியை ஒக்கும். அது தோற்றபோதெல்லாம் மறுபடி ஓட்டிப் பார்ப்பதே பங்களிப்பாளர்களுக்கு வழக்கமாகிவிட, மெய்யான பிழையும் அவ்வழக்கத்தின் மறைவிலே உள்ளே புகுந்துவிடுகிறது. பொத்தான் கண்ணுக்குப் புலனாகிறதா, அசையாது நிற்கிறதா, அழுத்தத் தக்க நிலையில் உள்ளதா என்று தானே ஆராய்ந்த பின்னரே அதை அழுத்தும் பிளேரைட்டின் ஒழுங்கு இக்காரணத்தாலேயே போற்றத்தக்கது.

பக்கத்திலுள்ள உறுப்புகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறையிலும் இதே கண்டிப்பு வேண்டும். நிரலின் உட்கட்டமைப்பைப் பற்றிக்கொண்டு தேடும் சோதனை, அக்கட்டமைப்பு சிறிது மாறினும் முறிகிறது. டெஸ்டிங் லைப்ரரி என்னும் சோதனைக் கருவித்தொகுப்பின் மரபினரோ, பயனர் அறியும் பெயரையும் பணியையும் கொண்டே தேடுகின்றனர். வெறும் படத்தாலான பொத்தானுக்குப் பெயரிடாமல் விட்டால், அப்பெயரைச் சொல்லித் தேடும் சோதனை தோற்கிறது. இதனால், திரைவாசிப்பானின் துணையோடு அத்தளத்திற்கு வரும் பார்வையற்றவருக்கு நேரவிருந்த இடர், வெளியீட்டிற்கு முன்னரே பராமரிப்பாளருக்குத் தெரியவருகிறது.